குழந்தைகள் மருத்துவ ஆய்வு மையத்துக்கு எந்தத் தரவுத்தளம்? எக்ஸெல் முதல் சொந்தக் கட்டுமானம் வரை ஓர் ஒப்பீடு

போதனா மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் நலப் பிரிவை ஒட்டி இயங்கும், நடுத்தர அளவுள்ள ஓர் ஆய்வு மையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே சமயத்தில் நான்கைந்து ஆய்வுகள் நடக்கின்றன. பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் வளர்ச்சி ஆய்வு ஒன்று, தடுப்பூசி ஆய்வு ஒன்று, மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேட்டுப் பணிகள் இரண்டோ மூன்றோ. பதிவேட்டில் இரண்டாயிரம் குழந்தைகள், ஆய்வுச் செவிலியர்கள் ஐந்தாறு பேர், வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர்கள் பத்துப் பேர், தரவு மேலாளர் ஒருவர். இத்தகைய மையங்கள் பெரும்பாலும் எக்ஸெல் கோப்புகளோடுதான் தொடங்குகின்றன. ஒரு நாள் கோப்பு திறக்க மறுக்கும்போதோ, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கேட்ட ஓர் எளிய கணக்கைக் கொடுக்க மூன்று நாள் பிடிக்கும்போதோ, நல்ல மென்பொருள் ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாக முன்வைக்கப்படும் பெயர்கள் இவை: இருக்கிற எக்ஸெல்லையே ஒழுங்குபடுத்திக்கொள்வது; மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் அல்லது ஃபைல்மேக்கர் போன்ற மேசைத் தரவுத்தளம்; ஆய்வுத் தரவைச் சேகரிப்பதற்கென்றே உருவான, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ரெட்கேப்; அதே வேலைக்கான ஓப்பன்கிளினிகா; மெடிடேட்டா ரேவ் போன்ற வணிக மென்பொருள்; போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் மீது நாமே கட்டிக்கொள்ளும் ஒன்று. இவற்றை விலைப்பட்டியலை வைத்தோ வசதிப்பட்டியலை வைத்தோ ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் ஆய்வின் தரவைச் சேகரிப்பது ஒரு வேலை. குழந்தைகள் வந்துபோகும் மையத்தை நடத்துவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு ஆய்வு நடுவில் இருந்தால் போதும். இரண்டாவது வேலைக்குக் குழந்தை நடுவில் இருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான மென்பொருள்கள் முதல் வேலைக்காகப் பிறந்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஒவ்வொன்றும் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது தெளிவாகத் தெரியும்.

பெரியவர்களுக்கான ஆய்வு மையத்தில் எழாத சிக்கல்கள் குழந்தைகள் மையத்தில் முதல் நாளே எழுகின்றன. முதலாவது, அடையாளம். பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது. பிரசவ வார்டில் 'பேபி ஆஃப் மீனாட்சி' என்றுதான் பதிவாகும். பெயர் வைத்த பிறகு அதே குழந்தை தடுப்பூசிக்கு வரும்போது வேறொரு குழந்தையாகப் புதிதாகப் பதிவாவது மிக எளிது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் ஊருக்குப் போய்விடுவார். முகவரியும், பல சமயம் கைபேசி எண்ணும் மாறிவிடும். நம்மிடையே குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. தந்தையின் முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பது எழுதுபவரைப் பொறுத்தது. ஜெயலட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். தாயின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே குழந்தை என்று விதி வைத்தால், இரட்டைக் குழந்தைகள் அந்த விதியை உடைத்துவிடுவார்கள். ஆகவே பிறப்பு வரிசை எண்ணும் தாயோடு இணைப்பும் தரவுத்தளத்தின் அடித்தளத்திலேயே இருந்தாக வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக்கூடிய வசதி இல்லை இது.

இரண்டாவது, குழந்தை வளர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, 7 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தையிடம் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் வாய்மொழி இசைவையும் பெற வேண்டும். 12க்கு மேல் 18 வரை எழுத்து வடிவில் இசைவு வேண்டும். 18 வயது நிறைந்ததும், ஆய்வு தொடருமானால், அவரிடமே புதிதாக ஒப்புதல் பெற வேண்டும். அதாவது ஒரு முறை கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் முடிந்துவிடுகிற காரியம் இல்லை. ஆஸ்துமா ஆய்வில் ஆறரை வயதில் சேர்ந்த சிறுமி அடுத்த வருகைக்குள் ஏழு வயதை எட்டிவிடுவாள் என்பதை மென்பொருள் முன்கூட்டியே செவிலியருக்குச் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. ஆராய்ச்சிக்கு அதில் நிபந்தனைகளோடு கூடிய விலக்கு உண்டு என்றாலும், யார் எப்போது எந்தப் பதிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டார் என்ற விவரம் விரல்நுனியில் இருப்பதே அந்த விலக்கைக் கேட்கும் தகுதியை நமக்குத் தரும் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அது இரத்த அளவு. ஆய்வுக்காகக் குழந்தையிடம் எடுக்கும் இரத்தம் ஒரு முறைக்கு மொத்த இரத்த அளவில் 1 சதவீதத்தையும், நான்கு வாரங்களில் 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறைப் பரிந்துரை கூறுகிறது. பல நெறிமுறைக் குழுக்கள் இதையொத்த வரம்பைப் பின்பற்றுகின்றன. கிலோவுக்கு 80 மி.லி. என்று கொண்டால் 5 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் 400 மி.லி. இரத்தம்; ஒரு முறைக்கு 4 மி.லி., நான்கு வாரத்துக்கு 12 மி.லி. இதுதான் எல்லை. அந்தக் குழந்தை வளர்ச்சி ஆய்விலும் தடுப்பூசி ஆய்விலும் ஒருசேர இருந்து, ஒவ்வோர் ஆய்வும் நான்கு வாரத்தில் இரண்டு முறை 3.5 மி.லி. எடுத்தால், தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வோர் ஆய்வும் 7 மி.லி.யோடு வரம்புக்குள் நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் 14 மி.லி. இந்தக் கூட்டலை எந்த ஆய்வின் தரவுக் கோப்பும் செய்யாது, ஏனென்றால் மற்ற ஆய்வு இருப்பதே அதற்குத் தெரியாது. மென்பொருள் விற்க வருபவரிடமோ கட்டித்தர வருபவரிடமோ நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: 'இந்தக் குழந்தையிடமிருந்து கடந்த 28 நாளில் எல்லா ஆய்வுகளும் சேர்ந்து எடுத்த இரத்தம் எவ்வளவு என்று இப்போதே காட்ட முடியுமா?'

இனி எக்ஸெல். அதை இழித்துப் பேசுவதில் பயனில்லை. எல்லோர் கணினியிலும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், நாளைக்கே வேலையைத் தொடங்கலாம். ஆனால் குழந்தைகள் ஆய்வில் எல்லாக் கணக்கும் பிறந்த தேதியின் மீது நிற்கிறது. எக்ஸெல் மிக எளிதில் தவறவிடுவதும் தேதியைத்தான். ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம். 2023 ஜூலை 5 அன்று பிறந்த ஆண் குழந்தையை 2024 ஜூலை 8 அன்று அளக்கிறோம்; நீளம் 72.0 செ.மீ. களப்பணியாளர் 05/07/2023 என்று எழுதியிருக்கிறார். இந்திய முறையில் அமைக்கப்பட்ட கணினி அதை ஜூலை 5 என்று படிக்கும். அமெரிக்க முறையில் விடப்பட்ட கணினியில் அதையே பதிந்தால் மே 7 என்று படிக்கும். முதல் வாசிப்பில் குழந்தைக்கு 12 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அளவுகோலில் அந்த வயது ஆண் குழந்தைக்கான கீழ் எல்லை, அதாவது மைனஸ் 2 திட்ட விலக்கம், 71.0 செ.மீ.; குழந்தை எல்லைக்கு மேலே இருக்கிறது. இரண்டாவது வாசிப்பில் 14 மாதம். கீழ் எல்லை 73.1 செ.மீ.; அதே குழந்தை 'வளர்ச்சி குன்றியது' என்ற வரிசையில் விழுகிறது. குழந்தையை யாரும் தவறாக அளக்கவில்லை, யாரும் தவறாகத் தட்டச்சு செய்யவும் இல்லை. இதில் இன்னொரு கேடும் உண்டு. 25/07/2023 என்ற தேதியை அமெரிக்க முறைக் கணினி தேதியாகவே ஏற்காது. வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒரே நெடுவரிசையில் பாதி தேதிகள் மாறியும் பாதி மாறாமலும் கிடக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

பழைய மேக் கணினிகளில் உருவான கோப்புகள் 1904ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்டவை; அவற்றிலிருந்து தேதிகளை ஒட்டும்போது 1,462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், பிசகக்கூடும். மரபணு ஆய்வாளர்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்ததே: மார்ச், செப்டம்பர் மாதச் சுருக்கங்களைப் போலத் தோன்றிய மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில், 65,536 வரிகளுக்கு மேல் தாங்காத பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தின் காரணமாக, 15,841 கோவிட் நோயாளிகளின் விவரம் செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடைப்பட்ட கணக்கில் சேராமல் விடுபட்டது. நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தாய்மார்களின் பெயர்கள் யூனிகோடுக்கு மாற்றப்படாமல் இன்னும் பல கோப்புகளில் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை படிக்க முடியாத குறிகளாகத் தெரியும், தேடினாலும் கிடைக்கா. இவற்றுக்கெல்லாம் மேலாக, யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்ற நம்பத்தக்க தடத்தைச் சாதாரண எக்ஸெல் கோப்பு வைத்திருப்பதில்லை. தணிக்கைக்கு வருபவரிடம் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது. ஆகவே எக்ஸெல்லை, வேறெங்கோ பாதுகாப்பாக இருக்கும் தரவைப் பார்ப்பதற்கும் அட்டவணை போடுவதற்கும் வைத்துக்கொள்ளலாம். தரவு பிறக்கும் இடமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆக்சஸும் ஃபைல்மேக்கரும் எக்ஸெல்லைவிட உண்மையாகவே ஒரு படி மேல். இவற்றில் குழந்தை ஓர் அட்டவணை, வருகை ஓர் அட்டவணை, இரத்த மாதிரி ஓர் அட்டவணை என்று பிரித்து இணைக்கலாம். குழந்தையை நடுவில் வைக்கும் அமைப்பு இங்கேதான் முதன்முதலாகச் சாத்தியமாகிறது. நிரலாளர் அல்லாத ஒரு மருத்துவரே ஒரு மாதத்தில் உட்கார்ந்து நல்ல திரைகளை அமைத்துவிட முடியும். ஃபைல்மேக்கர் மேக், விண்டோஸ், ஐபேட் மூன்றிலும் ஓடும். வார்டில் குழந்தையின் படுக்கையருகே நின்று பதிவுசெய்ய அதன் திரைகள் மிக வசதியானவை. அதனாலேயே வெளிநாட்டு மருத்துவத் துறைகள் பலவற்றில் அது வேரூன்றியது. ஆக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். கோப்பின் அளவு 2 ஜிபியைத் தாண்டாது. மருத்துவமனையின் வைஃபை நடுவில் அறுந்தால் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு சிதைவது அதன் பழைய நோய். இரண்டிலுமே மாற்றத் தடம் தானாக வராது, நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். அதைச் செய்த மருத்துவர் மாற்றலாகிப் போனதும், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு கோப்பு மேசையில் எஞ்சும். ஐந்து பேர் மட்டுமே வேலைசெய்யும், மருந்து ஆய்வுகளை ஏற்காத, ஒரே கட்டடத்துக்குள் அடங்கிய மையமென்றால் ஃபைல்மேக்கரை நான் தடுக்க மாட்டேன். அதற்கு மேல் வளரப்போகும் மையம் அதில் தொடங்கினால், வளர்ந்த பிறகு இடம் மாறும் செலவையும் இன்றே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரெட்கேப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மையங்கள் இறுதியில் வந்து நிற்குமிடம் அதுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் பால் ஹாரிஸும் அவருடைய குழுவினரும் தொடங்கியது. இலாப நோக்கற்ற நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டு, உரிமக் கட்டணம் இல்லாமல் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். திறமூல மென்பொருள் என்று பலர் நினைப்பது தவறு. நிறுவனத்துக்கு வெளியே யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. கட்டணமில்லை என்பதால் செலவில்லை என்றும் ஆகிவிடாது: பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல்லும் ஓடும் சர்வர் வேண்டும், புதுப்பிப்புகளைத் தவறாமல் போடத் தெரிந்த ஒருவர் வேண்டும், பேக்கப் வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்தில் ரெட்கேப் நிறுவப்பட்டால், ஓரிரு ஆண்டுகளில் அது பாதுகாப்பு ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பாக உறைந்துவிடும்.

அதன் பலங்கள் குழந்தைகள் ஆய்வுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு படிவத்தின் கேள்விகளையும் ஒரே அட்டவணையில் எழுதி ஏற்றினால் படிவம் தயார். அந்த அட்டவணையே ஆய்வின் ஆவணமாகவும் நிற்கும். தேதிப் பெட்டியில் நாள், மாதம், ஆண்டு எந்த வரிசையில் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். மேலே சொன்ன ஜூலை 5, மே 7 குழப்பம் அங்கேயே நின்றுவிடும். 6, 10, 14 வாரங்கள் என்று வருகைகளை முன்கூட்டியே வரையறுக்கலாம். எடை 6.2 என்பதற்குப் பதிலாக 62 என்று விழுந்தால் உடனே எச்சரிக்கும். ஆனால் 6.2ஐ 2.6 என்று மாற்றி எழுதினால் எல்லைச் சோதனைக்கு அது அகப்படாமல் போகலாம். முந்தைய வருகையின் எடையோடு ஒப்பிடும் விதியை நாமேதான் எழுத வேண்டும். வயதைக் கணக்கிடும்போது ஒரு நுணுக்கம்: மாதக் கணக்கு கேட்டால் ரெட்கேப் 30.44 நாளை ஒரு மாதமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாள் கணக்கிலேயே வாங்கி, அதையே வளர்ச்சி அளவுகோலுக்குக் கொடுப்பது நல்லது. தரவை வெளியே கொடுக்கும்போது ஒவ்வொரு குழந்தையின் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தித் தரும் வசதி உண்டு. பிறந்த தேதியும் வருகைத் தேதியும் சேர்ந்தே நகர்வதால் வயது மாறாது, அடையாளமும் வெளிப்படாது. சிக்னல் கிடைக்காத கிராமத்தில் டேப்லெட்டில் பதிவுசெய்து திரும்பி வந்து ஏற்றலாம். எல்லா மாற்றங்களும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் கடும் பாதக நிகழ்வை, அதாவது மரணம், மருத்துவமனையில் சேர்ப்பு போன்றவற்றை, 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகப் படிவத்தில் குறித்தவுடன் முதன்மை ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போகும்படி அமைக்கலாம். இரவு பணியிலிருக்கும் செவிலியர் யாரை அழைப்பது என்று தவிக்க வேண்டியிருக்காது.

ஆனால் ரெட்கேப்பில் ஒவ்வோர் ஆய்வும் தனித்தனி அறை. அறைகளுக்கு இடையே கதவுகள் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இருப்பவை குறுகலானவை. இரண்டு ஆய்வுகளில் இருக்கும் ஒரே குழந்தையின் இரத்த அளவைக் கூட்டிச் சொல்ல அது தானாக முன்வராது. இரத்த மாதிரிகளை வைக்கும் ஃப்ரீசரின் நிர்வாகத்துக்கும் அது உருவாக்கப்படவில்லை. சிலர் மையம் முழுவதையும் ஒரே ரெட்கேப் திட்டத்துக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான படிவங்களோடு அது ஊதிப் பெருத்து, யாருக்கு எதைப் பார்க்கும் உரிமை என்பதே குழம்பிப்போகும். அந்தப் பாதை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஓப்பன்கிளினிகாவின் இலவசச் சமூகப் பதிப்பு ஜாவாவிலும் போஸ்ட்கிரஸிலும் கட்டப்பட்டது. ஒரே படிவத்தை இருவர் தனித்தனியே பதியும் இருமுறைப் பதிவு, பதிந்ததை மூலக் காகிதத்தோடு ஒப்பிடும் மூல ஆவணச் சரிபார்ப்பு ஆகியவை அதில் முறையாக இருக்கின்றன. நிறுவனத்தின் கவனம் பிற்பாடு கட்டணப் பதிப்புக்குப் போய்விட்டது. பழைய பதிப்பிலிருந்து கிளைத்த லிப்ரேகிளினிகா என்ற திறமூல வடிவம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் ரெட்கேப்பை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்க இன்று வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வணிக மென்பொருளின் கதை வேறு. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளைச் சேர்த்து நடந்து, 2014இல் முடிவுகள் வெளியான ரோட்டாவாக் தடுப்பூசி ஆய்வைப் போன்ற அளவிலும், உரிமம் கோரும் நோக்கத்திலும் நடக்கும் ஆய்வுக்குச் சரிபார்க்கப்பட்ட மென்பொருளும் அதை நடத்தத் தனி அணியும் தேவை. பெரும்பாலும் ஆய்வை நடத்தச் சொல்லும் நிறுவனமே அதைத் தேர்ந்தெடுத்து, செலவையும் ஏற்கும். அமெரிக்க ஒழுங்குமுறையின் 1997ஆம் ஆண்டு மின்னணுப் பதிவு விதிகளுக்கு ஏற்பச் சரிபார்த்த ஆவணங்களும் அதனோடு வரும். ரெட்கேப்பையும் அந்த விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். சரிபார்க்கும் உழைப்பு மட்டும் நம்முடையது. மையத்தின் சொந்தச் செலவில், சொந்த ஆய்வுகளுக்காக இத்தகைய மென்பொருளை வாங்குவது குழந்தைகளுக்கான பரிசோதனைகளுக்கும் பெற்றோரின் பயணப்படிக்கும் போக வேண்டிய பணத்தை விழுங்கிவிடும். மேலும், இது எவ்வளவு உயர்ந்ததானாலும் ஓர் ஆய்வின் தரவை மட்டுமே பார்க்கும். குழந்தையை நடுவில் வைக்கும் பதிவேட்டின் தேவை அப்படியே இருக்கும்.

அந்தப் பதிவேட்டை நாமே கட்டுவதுதான் கடைசி வழி. இதைச் சொன்னவுடன் பலர் அஞ்சுகிறார்கள், அஞ்சுவதில் நியாயமும் இருக்கிறது. முழு ஆய்வு மென்பொருளையும் சொந்தமாக எழுத முயன்று, ஒரே நிரலாளரை நம்பி, அவர் வேறு வேலைக்குப் போனதும் அப்படியே நின்றுபோன ஒரு முயற்சியை நானே அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் பதிந்த ஓராண்டு வருகைகளைக் காகிதப் படிவங்களிலிருந்து மறுபடியும் பதிய வேண்டியிருந்தது. அந்த மையத்தின் செவிலியர்கள் விடுமுறை நாட்களிலும் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். எனவே நான் சொல்வது மிகச் சிறிய கட்டுமானம்: போஸ்ட்கிரஸில் பத்துப் பன்னிரண்டு அட்டவணைகள். குழந்தை, தாய் அல்லது காப்பாளர், இருவரின் உறவு, ஆய்வு, சேர்க்கை, ஒப்புதல் படிவத்தின் பதிப்பு, வருகை, இரத்தம் எடுத்த அளவு, மாதிரி, ஃப்ரீசரில் அதன் இடம். இவ்வளவே. கேள்விப் படிவங்களுக்கு இங்கே வேலை இல்லை. அவை ரெட்கேப்பில் இருக்கட்டும்.

இந்தச் சிறு கட்டுமானம் தரும் பாதுகாப்பை ஒரு பெட்டியை வைத்துக் காட்டலாம். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்கும் மாதிரிப் பெட்டி 9க்கு 9 என 81 குழிகள் கொண்டது. எக்ஸெல்லில் 'அடுக்கு 3, பெட்டி 14, குழி 27' என்று இரண்டு குழாய்களுக்கு எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, உறைபனி படிந்த கையுறையோடு ஒருவர் குழாய் குழாயாக எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார். அதற்குள் மற்ற மாதிரிகளின் குளிர் குறைந்துகொண்டிருக்கும். போஸ்ட்கிரஸில் ஃப்ரீசர், அடுக்கு, பெட்டி, குழி நான்கும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று ஒரே வரியில் விதி எழுதிவிட்டால், இரண்டாவது குழாயை அந்த இடத்தில் பதிய முயலும்போதே மறுத்துவிடும். அதுபோல, குழந்தை எண் இல்லாத மாதிரியை ஏற்காதே, செல்லும் ஒப்புதல் இல்லாத வருகையை ஏற்காதே என்றும் எழுதலாம். திரையை எழுதியவர் மறந்தாலும் தரவுத்தளம் மறக்காது. குழந்தை எண்ணின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்க வேண்டும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இப்படிப்பட்டதே. 1047ஐ 1074 என்று தவறிப் பதிந்தால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். வேறொரு குழந்தையின் இரத்த முடிவு இந்தக் குழந்தையின் பெயரில் போகாது.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன அளவுள்ள மையத்துக்கு என் பரிந்துரை: ஆய்வுத் தரவுக்கு ரெட்கேப்; குழந்தை, ஒப்புதல், இரத்த அளவு, மாதிரி ஆகியவற்றுக்குச் சிறிய போஸ்ட்கிரஸ் பதிவேடு; இரண்டையும் இணைப்பது குழந்தை எண் மட்டும். பெயர், முகவரி, கைபேசி எண் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். ரெட்கேப்பைப் பார்க்கும் மாணவருக்கோ புள்ளியியலாளருக்கோ அவை தெரிய வேண்டியதில்லை. வெளி நிறுவனத்தின் ஆய்வு அதன் சொந்த மென்பொருளில் நடந்தாலும், அந்த ஆய்வில் சேரும் குழந்தை பதிவேட்டின் வழியாகவே சேர வேண்டும். மருத்துவமனையின் பொது மென்பொருளிலேயே இதைச் செய்துவிடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். அது பெரும்பாலும் சீட்டு, கட்டணம், மருந்தகம் ஆகியவற்றுக்காக அமைந்தது. ஒப்புதல் பதிப்பும் ஆய்வு வருகையும் அதற்குப் புரியாது. அதிலிருந்து மருத்துவமனை எண்ணை மட்டும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பரிந்துரை எல்லோருக்கும் பொருந்தாது. நூறு குழந்தைகளோடு முடியும் ஒரே ஆய்வேட்டுப் பணியென்றால், தாய் நிறுவனத்தின் ரெட்கேப்பிலோ, டென்மார்க்கிலிருந்து வரும் இலவசத் தரவுப் பதிவு மென்பொருளான எபிடேட்டாவிலோ செய்துவிடுவது போதும். சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர் எவரும் மையத்தில் இல்லையென்றால், முதலில் அப்படி ஒருவருக்கான பணியிடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை ரெட்கேப்பை ஏற்கெனவே நன்றாக நடத்தும் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தோடு உடன்பாடு செய்துகொள்ளலாம். பதிவேட்டையும் இரண்டு பேருக்குக் குறையாமல் தெரிந்திருக்க வேண்டும். அட்டவணைகளின் விளக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை நடக்காது என்று இன்றே தெரிந்தால் சொந்தக் கட்டுமானத்தில் இறங்காதீர்கள். வரம்புகளோடு ஃபைல்மேக்கர் போதும்.

மாறும் வேலையை எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே நாளில் செய்யக் கூடாது. புதிதாகத் தொடங்கும் ஓர் ஆய்வை முதலில் எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் காகிதமும் மென்பொருளும் ஒருசேர ஓடட்டும். எல்லாவற்றையும் இருமுறை பதிய வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன், செவிலியர்களின் நேரம் அதற்கில்லை. பிறந்த தேதி, எடை, நீளம், ஆய்வின் முதன்மை முடிவு ஆகியவற்றை மட்டும் இருவர் தனித்தனியே பதியட்டும். பழைய எக்ஸெல் கோப்புகளிலிருந்து தரவை ஏற்றும்போது தேதிகளை ஒருபோதும் அப்படியே ஒட்டக் கூடாது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் வயதுக்கேற்ற நீளம் மைனஸ் 6 திட்ட விலக்கத்துக்குக் கீழோ பிளஸ் 6க்கு மேலோ வரும் குழந்தைகளை எடுத்து, அவர்களின் காகிதப் படிவத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். தவறான பிறந்த தேதிகளில் கணிசமானவை அங்கேயே அகப்படும்.

கடைசியாக, பேக்கப். ஒவ்வொரு இரவும் பேக்கப் எடுக்கப்படுகிறது என்று ஒருவர் சொல்வதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, அலமாரியிலிருந்து ஏதாவது பத்துக் குழந்தைகளின் காகிதக் கோப்புகளை எடுத்து வந்து, பிறந்த தேதி, ஒப்புதல் பதிப்பு, கடைசி வருகையின் எடை, மாதிரி இருக்கும் குழி ஆகிய நான்கையும் திரையோடு ஒப்பிட்டு, ஒப்பிட்டவர் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பத்தில் ஒன்று பொருந்தாவிட்டாலும், அந்த ஒரு குழந்தையின் பதிவு எங்கே பிசகியது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த ஆய்வைப் புதிய அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும்.